ஐஸ் கம்பனிக் கதிரை

ஆசிரியரும் வாசிக்கிறவர்களும் முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ல, ள, ழ மூன்றையும் கைக்கு வந்தபடி போடுகிறவன். அச்சுக் கோர்க்கிற பிள்ளைகள் திருத்திப் போடுவதால்தான் இந்தத் தொடர் இத்தனை கிழமை ஓடியது. இந்த முறை எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். சில கிழமைகளாக நான் ஒன்றும் எழுதி அனுப்பவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கடைசியில் சொல்கிறேன்.

சூறாவளி அடித்துப் போய், தென்னை மரங்கள் இன்னும் தலையில்லாமல் நின்ற காலம். கல்முனையில் கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு ஐஸ் கம்பனியில் நான் லொறி சாரதி. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது முதலாளி ஹாஜியார் கூப்பிட்டார்.

“பாவா, இஞ்ச வா.”

ஐஸ் கட்டிகள் சறுக்கி இறங்கும் பலகைக்கு முன்னால் ஒரு பிரம்புக் கதிரை கிடந்தது. சுப்பவைசரின் கதிரை. அதைக் காட்டினார்.

“இரி.”

நான் நின்றேன்.

“கதிர கடிக்காது. இரிடா.”

“வேணாம் ஹாஜியார். சாரன் ஈரம்.”

“ஈரம் கிடக்கட்டும். வாற சனிக்கிழமையிலிருந்து இந்தக் கதிர உனக்குத்தான். நீதான் சுப்பவைசர். என்ன சொல்றாய்?”

நான் கால் பெருவிரலால் நிலத்தில் கிடந்த உமியைக் கூட்டிக்கொண்டு நின்றேன்.

“நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்ட பொண்ணு மாதிரியல்லவா தலையக் குனியிறான்!” என்று ஹாஜியார் சிரித்தார். “இஞ்ச பாரு, வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு வந்து வாயத் தொறந்து சொல்லு. தலையாட்டுற வேல எனக்கிட்ட வேணாம்.”

ஈரச் சாரன்

ஐஸ் லொறிக்காரன் இடுப்பில் கட்டுகிற சாரன் எப்போதும் ஈரம்தான். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கட்டிகளைக் கொளுக்கியால் இழுத்து ஏற்றுவோம். மேலே உமி கொட்டி, அதன்மேல் நனைத்த சாக்கு. நாவிதன்வெளிப் பக்கத்து நெல் ஆலைகளில் உமி மலையாகக் கிடக்கும், அள்ளிக்கொண்டு போ என்பார்கள். முதலில் மருதமுனை, பாண்டிருப்பு மீன் வாடிகள். பிறகு தெற்கே திரும்பி காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை. சில நாள் திருக்கோவில் வரை. போகிற வழியெல்லாம் லொறியிலிருந்து தண்ணீர் கோடாக வடியும்.

“பாவாட லொறி அழுதுக்கிட்டுப் போகுது” என்பார்கள் கடைத்தெருவில்.

நோன்பு காலத்தில் பின்னேரங்களில் சர்பத்துக்கு ஐஸ் வாங்க ஆட்கள் சட்டியும் வாளியுமாய் ரோட்டோரம் நிற்பார்கள். உமி ஒட்டிய ஐஸைக் கிணற்றடியில் கழுவும் மணம் எனக்கு இன்றும் நோன்பு மணம்.

எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு ஒரு காரணம், லொறி ஓட்டுகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் வெட்கப்பட்ட மனிதன். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வராது. அதற்கு ஹோர்ன் இருந்தது.

பழைய சுப்பவைசர் மட்டக்களப்பிலிருந்து வந்த பறங்கி மனிதர். அவர் கத்தினால் கட்டி ஏற்றுகிறவனுக்குக் கொளுக்கி நழுவும். நெஞ்சு வருத்தம் வந்து ஊருக்குப் போனவர், வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த பிரம்புக் கதிரையை விட்டுவிட்டுப் போனார்.

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். முதுகு அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது. கையில் இன்னும் கொஞ்சம் கூலி வந்தால் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கலாம். எங்கள் பக்கத்தில் மகள் பிறந்த அன்றே அந்தக் கவலையும் பிறந்துவிடும். அதை மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மச்சானின் பெருவிரல்

எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே மௌத்தாவான். ஆனாலும் அது அவள் வீடு. பெண்ணைப் பெற்றவன் அதைக் கட்ட வேண்டும். அவன் இல்லாவிட்டால் அவளுடன் பிறந்தவர்கள் கட்ட வேண்டும்.

என் மனைவி சுலைஹாவின் வாப்பா, வயலில் பாம்பு கடித்து மௌத்தானவர். அவளுக்கு வீடு கட்டியவர் அவளுடன் கூடப்பிறந்த காக்கா, என் மச்சான் மீராலெவ்வை. அவரும் அதே ஐஸ் கம்பனியில் சாரதிதான். காலையில் லொறி, பின்னேரம் கல்லும் மண்ணும். சுலைஹாவைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கட்டுவேன் என்று தன் கலியாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டவர். அவர் மாப்பிள்ளையாகப் போனபோது காதோரம் நரைத்திருந்தது.

கூரைக்கு முகட்டு வளை ஏற்றும்போது மரம் நழுவி அவருடைய இடது பெருவிரலில் விழுந்தது. அந்த விரலில் பிறகு நகம் முளைக்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கும்போது அது மட்டும் மடங்காமல் மேலே நிற்கும். அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் நான் கம்பனி வேலையே பழகினேன். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

சூறாவளியில் எங்கள் தெருவில் பல வீடுகள் விழுந்தன. எங்கள் வீட்டில் ஓடுகள் பறந்தன, வளை அசையவில்லை. அதன் கீழே நானும் சுலைஹாவும் மகளை நடுவில் வைத்துக் குந்தியிருந்தோம். அன்றைக்கு நான் அல்லாஹ்வுக்கு அடுத்தபடி அந்த விரலைத்தான் நினைத்தேன்.

இப்போது அந்த மனிதருக்கு மேலே என்னைப் போடப் பார்க்கிறார் ஹாஜியார். அவர் பிந்தி வந்தால் எல்லாருக்கும் முன்னால் ‘ஏன் பிந்தினீங்க’ என்று நான் கேட்க வேண்டும்.

ஹாஜியார் என்னைக் கேட்ட விடயம் மச்சானுக்குத் தெரியாது. தேத்தண்ணிக் கடையில் அவர் வழக்கம்போல் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கதிரையில இரிந்தவன் நல்லா எழும்பிப் போனதாச் சரித்திரம் இல்ல. பறங்கியனுக்கு நெஞ்சு. வாறவனுக்கு மூலமோ என்னமோ!”

ஆனால் அதே கிழமை நான் ஒன்றைக் கண்டேன். எல்லாரும் போன பிறகு, மச்சான் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, கதிரையில் படிந்திருந்த உமித் தூசியைத் துடைத்தார். கைப்பிடி, முதுகுப் பிரம்பு, கால்கள் என்று ஆறுதலாகத் துடைத்தார். இருக்கவில்லை. லேஞ்சியை உதறிவிட்டுப் போய்விட்டார்.

நான் லொறிக்குப் பின்னால் நின்றேன். என் பதில் அங்கேயே முடிவாகிவிட்டது.

சுலைஹாவிடம் சொன்னது

சரியான வழியைக் காட்டச் சொல்லி இஸ்திஹாராத் தொழுகையும் தொழுதேன். அதற்குப் பிறகு காணும் கனவில் பதில் இருக்கும் என்பார்கள்.

“என்ன கண்டீங்க?” என்று சுலைஹா கேட்டாள்.

“டயர்.”

“டயரா?”

“ஓம். பின் டயர்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழன் பின்னேரம் அவள் குசினி வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு ஹாஜியாரிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“ஏலாதெண்டு.”

கத்தி நின்றது. “ஏன்?”

“உன்ட காக்காக்கு மேல நான் எப்பிடி நிக்கிற? நான் படுக்கிற ஊடு அவர் கட்டின ஊடு. எனக்கு முந்தி வேலைக்கு வந்தவரும் அவர். அந்தக் கதிர அவருக்குத்தான் வரவேணும். நீ போய் அவருக்கிட்ட இதச் சொல்லு. அவரே ஹாஜியாரிட்டப் போய்க் கேக்கட்டும்.”

“நீங்களே சொல்லுங்களன்.”

“அவர்ட மொகத்தப் பாத்து எனக்கு இதக் கதைக்க ஏலாது புள்ள.”

“அப்ப மகளுக்கு ஊடு?”

“அல்லாஹ் தருவான்.”

“அல்லாஹ் தந்தான். நீங்கதான் வேணாங்கிறீங்க.”

அவள் எழும்பினாள். கையைக் கழுவினாள், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள், படலையைத் திறந்துகொண்டு போனாள். மச்சான் அப்போது இரண்டு ஒழுங்கை தள்ளி, தன் மனைவி வீட்டில் இருந்தார். மீன் சட்டியில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு நான் காத்திருந்தேன்.

திரும்பி வந்தவள், “சொல்லிட்டன்” என்றாள்.

“என்ன சொன்னார்?”

“கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல. மறுகா ‘சரி, நான் கேக்கிறன்’ எண்டார்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை என்பதை நான் எனக்குள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டேன். மனிதருக்கு மனம் இளகியிருக்கும் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் தலைக்கு மேல் இருந்த வளையின் பாரம் அன்று கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஹாஜியாரின் முன்னால் போய் நின்றேன்.

“ஏலாது ஹாஜியார்.”

“ஏன்டா? பயமா?”

காரணத்தைச் சொன்னால் அது நான் மச்சானுக்கு விட்டுக்கொடுத்த வேலையாகிவிடும், அவர் கேட்டு வாங்கிய வேலையாக இருக்காது. ஆகவே பேசாமல் நின்றேன்.

“பயந்தாங்கொள்ளி” என்றார் ஹாஜியார். கோபத்தோடு சொல்லவில்லை. பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

“பாவாவே போறான்”

சனிக்கிழமை காலையில் மச்சான் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்வார், சொல்லாவிட்டாலும் கண்ணால் ஒன்று காட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“பாவா, நீ பழைய லொறிய எடு. புதிசு மத்தவனுக்கு.”

அதுதான் முதல் கட்டளை. சொந்தக்காரனுக்குச் சலுகை என்று மற்றவர்கள் சொல்லக்கூடாது என்பதற்காகச் செய்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பழைய லொறிக்கு பிரேக் பிந்திப் பிடிக்கும், முன்பக்கம் மழைக்கு ஒழுகும். வருடங்கள் போயும் அந்த லொறி மாறவில்லை. தூரத்துப் பாதை யாருக்கு என்றால் பாவாவுக்கு. பெருநாளைக்கு முதல்நாள் ஓட்டம் யாருக்கு என்றால் பாவாவுக்கு. வீட்டில் சொல்லி ஆற முடியாது. வீடே அவர் கட்டியது, கேட்கிறவள் அவருடைய தங்கச்சி.

பிறகு தமிழருக்கும் எங்களுக்கும் பகை மூண்டு, ஊருக்கு ஊர் ரோட்டில் டயர் எரிகிற காலம் வந்தது. காலையில் சிரித்துக் கதைத்தவர்கள் பின்னேரம் முகம் பார்க்காமல் போனார்கள். தெற்கே போக சாரதிகள் தயங்கினார்கள். மச்சான் கதிரையில் இருந்தபடி என்னைக் கையால் காட்டுவார்.

“பாவாவே போறான். உங்களுக்கு என்னடா?”

எல்லாரும் சிரிப்பார்கள். அது என் மேல் உள்ள நம்பிக்கை என்று நினைத்து, நானும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்திருக்கிறேன்.

காரைதீவில் ஒரு மீன் முதலாளி இருந்தார், தமிழ் மனிதர். அந்த நாட்களில் அவர் ஊர் எல்லையில் நின்று என் லொறியை மறித்து முன் சீட்டில் ஏறிக்கொள்வார். அவர் பக்கத்தில் இருந்தால் அந்த ஊரில் யாரும் லொறியில் கை வைக்க மாட்டார்கள். அடுத்த எல்லையில் இறங்கி நடந்து திரும்புவார். ஒருநாள் இறங்கும்போது கேட்டார்.

“ஏன் தம்பி, உங்கட மச்சான் உங்கள மட்டுந்தான் அனுப்புறாரோ?”

“மத்தாக்களுக்குப் பயம் அண்ணே.”

“உங்களுக்கு?”

நான் சிரித்துவிட்டு கியரைப் போட்டேன். எனக்குப் பயம் இருந்தது. எல்லாருக்கும் இருந்த அளவுக்கு இருந்தது.

ஒரே சஹனில்

மகளுக்கு வேறு வீடு கட்ட என் லொறிக் கூலி போதவில்லை. மச்சான் கட்டிய வீட்டைத்தான் அவளுக்குக் கொடுத்தோம். நானும் சுலைஹாவும் பின்பக்கம் குசினியோடு ஒட்டி ஓலைச் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கிக்கொண்டு அங்கே போனோம். ஊரில் பலர் செய்வதுதான். ஆனால் வளைக்குக் கீழே படுத்துப் பழகியவனுக்கு முதல் சில நாட்கள் ஓலையைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை.

கலியாணச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் வாப்பா, அவருடைய ஆட்கள், மச்சான், நான் எல்லாரும் ஒரே சஹனைச் சுற்றி இருந்தோம். நடுவில் பெரிய தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும். புதுச் சம்பந்திகளைச் சிரிக்க வைக்க மச்சானுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

“எங்கட மச்சான் தங்கமான மனிசன். ஆனா சரியான பயந்த சுபாவம். ஒருக்கா ஹாஜியார் இவரச் சுப்பவைசராகச் சொல்லிட்டார். இவர் என்ன செஞ்சார் தெரியுமா? பொஞ்சாதிய எனக்கிட்ட அனுப்பிட்டார்! தங்கச்சி வந்து நிக்கிறாள், ‘காக்கா, அவருக்குப் பயமாம், கைகாலெல்லாம் நடுங்குதாம், நீங்க போய் அந்த வேலைய எடுத்து எப்பிடியாவது அவரக் காப்பாத்துங்க’ எண்டு. எனக்கெண்டா அந்தக் கதிரையில ஒரு துளி விருப்பமில்ல. லொறிதான் என்ட உசிர். என்ன செய்யிற? தங்கச்சிட புருசன். இவருக்காகத்தான் நான் லொறிய உட்டுட்டுப் போய்க் குந்தினன்.”

சம்பந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சான் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்து என் பக்கம் வைத்தார்.

“தின்னு பாவா.”

தின்றேன்.

மறுநாள் காலை சுலைஹா புது மாப்பிள்ளைக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். குசினிக்குள் போய்க் கேட்டேன்.

“அண்டைக்கு உன்ட காக்காக்கிட்ட என்ன சொன்னாய்?”

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. ரொட்டியைப் புரட்டினாள்.

“உங்களுக்குப் பயமெண்டு சொன்னன்.”

“நான் அதயா சொல்லச் சொன்னன்?”

“மறுகா என்னத்தச் சொல்லுற? ‘காக்கா, நீங்க எனக்கு ஊடு கட்டித் தந்தீங்க, அதுக்குப் பதிலா அவர் இந்தக் கதிரையத் தாறார்’ எண்டா? தங்கச்சிக்குக் கட்டின ஊட்டுக்கு ஆராவது கூலி குடுப்பாங்களா? அந்த மனிசன் அதுக்குப் பொறகு இந்த வாசல்ல கால் வெச்சிருப்பாரா?”

“அதுக்கு என்னப் பயந்தாங்கொள்ளி ஆக்கினாயா?”

“அதச் சொன்னா ஆரும் நம்புவாங்க” என்றாள். நோக வைக்கச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். “மாப்புள எழும்பிட்டார். இந்தத் தேத்தண்ணியக் கொண்டு குடுங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். போகிற வழியில் பழைய லொறி, தூரத்துப் பாதை, ‘பாவாவே போறான்’ என்ற சிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தங்கள் இடத்தில் நின்றன. அத்தனை வருடமும் அவர் தனக்குப் பிடித்த வேலையை எனக்காக இழந்துவிட்டதாக நினைத்து என்னைப் பார்த்திருக்கிறார். நான் எனக்குப் பிடித்ததை அவருக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்து அவரைப் பார்த்திருக்கிறேன்.

அவர் கதிரையைத் துடைத்ததை நான் கண்டேனே என்று மனம் சொல்கிறது. பறங்கி மனிதர் விட்டுப்போன பொருளில் தூசி படியக்கூடாது என்று துடைத்தாரோ என்னவோ. கேட்டிருக்கலாம்.

தேத்தண்ணிக் கடை

நான் இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான். மச்சானின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் இந்தப் பத்திரிகையைக் கிழமை தவறாமல் தேத்தண்ணிக் கடையில் சத்தமாக வாசிப்பவர். என் பெயரை முதலில் கண்ட அன்று கடையே அதிரக் கத்தினாராம்.

“டேய், எங்கட பாவா எழுத்தாளனாப் போயிட்டான்டா!”

பிறகு ரோட்டில் கண்டால் கேட்பார், “என்னப்பத்தி எப்ப எழுதப் போறாய்?”

“வரும் மச்சான்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நகமில்லாத பெருவிரலால் தாளை அழுத்திப் பிடித்து, அவர் வாயாலேயே இதை வாசிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகாமல் இருக்கவும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு கிழமையும் எழுத உட்காருவேன், கூசும், வேறொன்றை எழுதி அனுப்புவேன். நோன்புக்கால ஐஸ், வெள்ளத்தில் நின்ற லொறி, மருதமுனைத் தறிச் சத்தம் என்று நீங்கள் வாசித்ததெல்லாம் அப்படி வந்தவை.

அவருக்குச் சீனி வருத்தம் முற்றி, கால் புண்ணாகி, ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டு வந்தார்கள். வந்த கிழமையே மௌத்தானார்.

மையித்தைக் குளிப்பாட்ட நெருங்கிய ஆண்களைக் கூப்பிட்டார்கள். இடது கையைப் பிடித்தவன் நான். அந்த விரல் அப்போதும் மடங்கவில்லை. என் வாய்வரைக்கும் ஒன்று வந்தது. குளிப்பாட்டும்போது ஒருவரும் கதைக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் லெவ்வை சொல்லியிருந்தார். நான் வழக்கம்போல் கதைக்கவில்லை.

வெளியே வந்தேன். முற்றத்தில் வந்தவர்களுக்குக் கதிரைகள் போட்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பிரம்புக் கதிரை. ஐஸ் கம்பனியை விட்டபோது மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் என் கையைப் பிடித்து அதன் பக்கம் கூட்டிப் போனார்.

“இரிங்க காக்கா. கன நேரமா நிக்கிறீங்க.”

“வேணாம்” என்றேன். “சாரன் ஈரம்.”

மீராலெவ்வை மச்சானின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பிறகு எழுதி முடித்தது.